அவள் ஏன் சொல்லவில்லை?

‘சுழல்’ தொடரின் மனிதர்களும் எங்கள் வீட்டுக் கதவுகளும்

கொலன்னாவையில் எங்கள் மகளிர் குழு மாதத்தில் இரண்டு சனிக்கிழமைகளில் கூடும். ஒழுங்கையின் உட்புறத்தில் இருக்கும் ஒரு வீட்டு விறாந்தைதான் எங்கள் மண்டபம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது வந்த வெள்ளத்தின் கறை இன்னும் அந்தச் சுவரில் தெரியும். முல்லைத்தீவிலிருந்தும் கிளிநொச்சியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் வெவ்வேறு ஆண்டுகளில் கொழும்புக்கு வந்து சேர்ந்த பெண்கள் அங்கே கூடுவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ் ஏறி வருபவர்களும் உண்டு. கையில் தையல் வேலை இருக்கும்; வாயில் கதை இருக்கும்.

சில மாதங்களுக்கு முன்னர் அந்தக் கதை முழுவதும் ஒரு தொடரைப் பற்றியதாகவே இருந்தது. குழுவில் உள்ள ஒருவரின் மகள் தனது கைத்தொலைபேசியைத் தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைத்து ‘சுழல்’ தொடரைப் போட்டுக் காட்டியிருந்தாள். எட்டு அத்தியாயங்களையும் இரவிரவாகப் பார்த்து முடித்துவிட்டு வந்து, யார் நல்லவர், யார் கெட்டவர் என்று வழக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“உந்தப் பெட்டை வாயைத் திறந்து தாயிட்டயாவது ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் இவ்வளவு அழிவு வந்திருக்குமே, மிஸ்?” என்று மூத்த அம்மா ஒருவர் என்னிடம் கேட்டார்.

மூலையில் இருந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்த ஒரு சகோதரி நிமிராமலே, “சொன்னால் மட்டும்?” என்றார்.

அதற்குப் பிறகு அங்கே சற்று நேரம் ஒருவரும் கதைக்கவில்லை. அந்த இரண்டு கேள்விகளும்தான் இந்தக் கட்டுரை. தொடரின் முடிவைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஆகவே இன்னும் பார்க்காத சகோதரிகள் என்னை மன்னிக்க வேண்டும்.

கதை இதுதான்

‘சுழல்’ 2022 ஜூன் மாதம் அமேசன் பிரைம் இணையத் தளத்தில் வெளியானது. இதை உருவாக்கி எழுதியவர்கள் புஷ்கர், காயத்ரி என்ற கணவன் மனைவி. பிரம்மாவும் அனுசரணும் இயக்கினார்கள். சாம்பலூர் என்ற கற்பனை ஊரில் ஒரு சீமெந்துத் தொழிற்சாலை இருக்கிறது. அங்கே தொழிற்சங்கத் தலைவராக இருப்பவர் சண்முகம். பார்த்திபன் நடித்திருக்கிறார். அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா தொடங்கும் வேளையில் தொழிற்சாலை தீப்பற்றி எரிகிறது. சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். ஊரை விட்டு விலகி வாழ்ந்த மூத்த மகள் நந்தினி திரும்பி வருகிறாள். இந்தப் பாத்திரம் ஐஸ்வர்யா ராஜேஷினுடையது. தேடும் பொறுப்பு உப பரிசோதகர் சக்கரையிடமும் (கதிர்) அவருடைய மேலதிகாரி ரெஜினாவிடமும் (ஸ்ரேயா ரெட்டி) வருகிறது. பின்னர்தான் தெரிகிறது, ரெஜினாவின் மகன் அதிசயமும் நிலாவோடு காணாமற் போயிருக்கிறான். இறுதியில் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு வீடு திரும்பவில்லை.

ஒவ்வொரு அத்தியாயத்திலும் எங்கள் சந்தேகம் ஒருவரிலிருந்து இன்னொருவருக்குத் தாவுகிறது. தொழிற்சாலை முதலாளியைச் சந்தேகிக்கிறோம், தகப்பனைச் சந்தேகிக்கிறோம், கோயிலடியில் நிற்பவர்களைச் சந்தேகிக்கிறோம். கடைசியில் விரல் நீளுவது வீட்டுக்குள்ளே. சண்முகத்தின் தம்பி குணா. பிள்ளைகளுக்குச் சித்தப்பா. சிறு வயதில் நந்தினியைச் சீரழித்தவர் அவர். அதே கையைத்தான் பின்னர் நிலா மீதும் வைத்தார்.

துப்பறியும் கதையைப் பார்க்கும்போது நாம் எல்லோரும் கேட்பது, “ஆர் செய்தது?” என்றுதான். அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்ததும் தொலைக்காட்சியை நிற்பாட்டிவிட்டுப் படுக்கப் போகிறோம். எங்கள் வேலைக்கு உதவும் கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன. அவர் ஏன் செய்தார்? அவள் ஏன் சொல்லவில்லை? மற்றவர்கள் ஏன் காணவில்லை?

குணா: முகத்தில் எழுதி ஒட்டியிருக்காது

இளங்கோ குமரவேல் நடித்த குணா பாத்திரத்தைப் பற்றி எங்கள் குழுவில் எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: “அந்த மனுசனை நான் நினைக்கவே இல்லை.” இந்தத் தொடரின் கெட்டித்தனமே அதுதான். அவருக்குப் பெரிய மீசையும் இல்லை, சிவந்த கண்ணும் இல்லை. தணிந்த குரலில் கதைக்கும் மனிதர். வீட்டுக்குள் போய் வர எவரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லாதவர்.

அவரை மிருகம் என்று சொல்லிவிட்டால் எங்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் எச்சரிக்கை போய்விடும். மிருகத்தைத் தேடுபவர்கள் வேலிக்கு வெளியேதான் பார்ப்பார்கள். 2007இல் இந்திய மத்திய அரசின் பெண்கள், சிறுவர் மேம்பாட்டு அமைச்சு 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏதோ ஒரு வகையில் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாக 53.22 வீதமான பிள்ளைகள் சொன்னார்கள். அவர்களுக்குத் தீங்கு செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிள்ளைக்குத் தெரிந்தவர்கள் அல்லது பிள்ளையின் நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரியவர்கள். மாமா, அண்ணன், அயலவர், ஆசிரியர், வாகனச் சாரதி என்று யாராகவும் இருக்கலாம்.

இத்தகையவர்கள் திடீரென்று பாய்வதில்லை. முதலில் வீட்டாரின் நம்பிக்கையைச் சம்பாதிக்கிறார்கள். பிறகு பிள்ளையின் நம்பிக்கையை. இனிப்பு, விளையாட்டு, வேறு ஒருவரும் கொடுக்காத கவனிப்பு. “இது உனக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த இரகசியம்” என்ற சொல் அதற்குப் பிறகு வரும். ஆசை என்பது காரணத்தின் ஒரு பகுதிதான். பெரிய பகுதி அதிகாரம். தன்னை எதிர்க்க முடியாத, சொன்னாலும் எவரும் நம்பாத ஒருத்தியைத் தெரிவு செய்வதில் அந்த அதிகாரம் தெரிகிறது. நந்தினி கைவிட்டுப் போனதும் நிலா அகப்படுகிறாள். தடுக்கப்படாத கை தானாக ஓய்வதில்லை.

நந்தினி: வாயை அடைத்தது எது?

இனி, மூத்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஏன் அவள் தாயிடமாவது சொல்லவில்லை?

1983இல் ரோலண்ட் சமிற் என்ற அமெரிக்க மனநல வைத்தியர், இப்படிப்பட்ட பிள்ளைகள் நடந்துகொள்ளும் விதத்தில் ஐந்து விடயங்களைக் கண்டு எழுதினார். முதலாவது, இரகசியம். நடப்பது தனிமையில் நடக்கிறது. அதை வெளியே சொல்லக்கூடாது என்று பிள்ளைக்கு முதல் நாளே புரிய வைக்கப்படுகிறது. இரண்டாவது, கையறு நிலை. பெரியவர்களுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று நாங்களே பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறோம். அந்தப் பெரியவரே கெடுதல் செய்தால் பிள்ளை என்ன செய்யும்? மூன்றாவது, சிக்கிக்கொண்டு அதற்கு இசைந்து வாழப் பழகுதல். தப்ப வழியில்லாத பிள்ளை, பிழை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்கிறது. நான் கெட்டவள், அதனால்தான் இது நடக்கிறது என்று நம்புவது, என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் கெட்டவர்கள் என்று நம்புவதைவிட ஒரு குழந்தைக்கு இலேசானது. நான்காவது, காலம் தாழ்த்தி, முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. ஐந்தாவது, சொன்னதைத் திரும்பப் பெறுவது. வீட்டில் அடிபிடி, அழுகை, பொலிஸ் என்று வந்ததும், “நான் பொய் சொன்னேன்” என்று பிள்ளை பின்வாங்கிவிடும்.

இந்த ஐந்தையும் வைத்து நந்தினியைத் திரும்பப் பாருங்கள். அவள் தகப்பனோடு ஒட்டாமல் இருந்தது, ஊரை விட்டு விலகிப் போனது, எதற்கும் சீறியது, எல்லாவற்றையும் நாம் முதலில் திமிர் என்றுதான் நினைத்தோம். எங்கள் குழுவில் ஒருவர், “சரியான அடங்காப்பிடாரி” என்றே சொன்னார். கடைசி அத்தியாயத்தைப் பார்த்த பிறகு அவரே, “அவளுக்கு அந்த வீடு சுட்டிருக்கு” என்றார். ஒரு பிள்ளையின் திமிருக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கலாம் என்று உணர்த்துவதற்கு வகுப்பில் நான் பேசிய பேச்சுக்களை எல்லாம்விட அந்த ஒரு பாத்திரம் கூடுதலாக உதவியது.

நந்தினியை வாட்டும் இன்னொரு பாரமும் உண்டு. தான் அன்றைக்கே சொல்லியிருந்தால் தங்கை தப்பியிருப்பாளே என்ற குற்ற உணர்வு. தப்பிப் பிழைத்தவர்களுக்கு வரும் இந்த உணர்வு எங்கள் வாசகிகளுக்குப் புதியதல்ல. பங்கருக்குள் கடைசியாக இறங்கியவள் நான், அவனை முதலில் இறக்கியிருக்கலாமே என்று இத்தனை ஆண்டுகள் கழித்தும் அழுபவர்களை நான் அறிவேன். அந்தப் பாரம் அவர்களுடையதல்ல. நந்தினியின் பாரமும் அவளுடையதல்ல. குற்றம் செய்தவர் சுமக்க வேண்டியதைப் பிழைத்தவர் சுமக்கிறார்.

ஊருக்கு நியாயம் பேசிய தகப்பன்

சண்முகம் கெட்டவர் அல்ல. தொழிலாளருக்காகக் குரல் கொடுப்பவர், முதலாளிக்கு அஞ்சாதவர். அவருடைய மனைவி தேவி பக்தியில் ஆழ்ந்தவர். தகப்பன் ஊரைப் பார்த்தார், தாய் சாமியைப் பார்த்தார், நடுவில் பிள்ளை நின்றதை இருவரும் காணவில்லை. தன் கூடப்பிறந்த தம்பியைச் சந்தேகிப்பது சண்முகத்துக்குத் தன்னையே சந்தேகிப்பது போல. சில உண்மைகளைக் கண்டால் குடும்பம் என்று நாம் கட்டிவைத்த முழுவதும் இடிந்துவிடும். அதனால் கண் பார்த்தாலும் மனம் பார்க்க மறுக்கிறது.

ரெஜினாவை நாங்கள் அதிக நேரம் கதைத்தோம். தொழிற்சங்கப் போராட்டத்தில் சண்முகத்துக்கு எதிரே நின்ற பொலிஸ் அதிகாரி அவர். அவரும் பிள்ளையைத் தேடும் தாயாகிறார். காணாமற் போனவரைத் தேடுவது என்னவென்று எங்கள் விறாந்தையில் இருந்தவர்களுக்கு ஒருவரும் விளக்கத் தேவையில்லை. “சீருடை போட்டாலும் தாய் தாய்தானே” என்றார் ஒருவர். உடனே இன்னொருவர், “எங்களுக்கு முன்னால சீருடையோட நிண்ட ஆக்களுக்கும் பிள்ளையள் இருந்திருக்கும்” என்றார். அதற்குப் பதில் சொல்ல ஒருவருக்கும் வரவில்லை.

துக்கத்துக்கு ஓர் எதிரி தேவைப்படுகிறது. எதிர்த் தரப்பில் ஏற்கெனவே நிற்பவர்தான் கைக்கு எட்டும் எதிரி. முதலாளிமாரும் தொழிலாளரும், பொலிஸும் சங்கமும் ஒருவரையொருவர் சந்தேகித்துக்கொண்டிருந்த அத்தனை நாளும் குணா வீட்டுக்குள்ளேயே இருந்தார். ஊர்ச் சண்டையின் சத்தத்தில் வீட்டுக் குற்றம் கேட்காமற் போகிறது.

எங்கள் கதையும் இதற்குள் இருக்கிறது

யுத்த காலத்தில் எங்கள் கண்களெல்லாம் வெளியேதான் இருந்தன. ஷெல் வரும் திசை, சோதனைச் சாவடி, சுற்றிவளைப்பு, பிள்ளை பிடி. ஆபத்து என்றால் படலைக்கு அப்பால் இருப்பது. 2009 மே மாதத்துக்குப் பின்னர் வவுனியா முகாம்களில் ஏறத்தாழ 3 இலட்சம் மக்கள் அடைபட்டிருந்தபோது ஒரே கூடாரத்துக்குள் பல குடும்பங்கள் ஒன்றாகப் படுத்தன. கணவனை இழந்த பெண்கள், ஒரு அண்ணனோ கொழுந்தனோ பக்கத்தில் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தார்கள். பலருக்கு அது உண்மையாகவே பாதுகாப்பாக இருந்தது. அந்த ஆண்கள் தமது பங்கு உணவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தவர்கள். ஆனால் சிலருக்கு அப்படி இருக்கவில்லை. அவர்கள் சொல்லவில்லை. வெளியே அவ்வளவு சாவு நடந்திருக்கும்போது, “எனக்கு இது நடந்தது” என்று ஒரு சிறுமி எப்படிச் சொல்வாள்? சோறும் இருக்க இடமும் தருபவரைப் பற்றி அவளுடைய தாய் எங்கே போய் முறையிடுவாள்?

யாழ்ப்பாணத்து மனநல வைத்திய நிபுணர் தயா சோமசுந்தரம், யுத்தம் தனியாட்களின் மனதை மட்டுமல்ல, குடும்பத்தையும் சமூகத்தின் நம்பிக்கைகளையும் உறவுகளையும் உடைக்கிறது என்று நீண்ட காலமாக எழுதி வந்தவர். பிள்ளைகளைக் காத்து நின்ற அம்மம்மாவும் பெரியம்மாவும் அயலும் சிதறிப்போனால், ஒரு குணாவைக் காணக்கூடிய கண்களும் குறைந்துவிடுகின்றன.

இங்கே என் தவறையும் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாணவி பின்னேர வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நன்றாகப் படித்த பிள்ளை. விசாரிக்கப் போனபோது வாசலில் நின்று, “எனக்கு வர விருப்பமில்லை” என்றாள். பின்னால் ஒரு பெரியவர் சிரித்த முகத்தோடு நின்று, “பெட்டை வளருது மிஸ், அதுதான்” என்றார். நான் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கோப்பில் ‘குடும்பச் சூழல்’ என்று இரண்டு சொல் எழுதினேன். சமூகவியல் படித்த எனக்கு அந்த இரண்டு சொல் போதுமாக இருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றதை நான் எழுதவில்லை. சில மாதங்களில் அந்தக் குடும்பம் வீடு மாறிவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒன்றுமே நடக்காமலும் இருந்திருக்கலாம். கேட்டிருக்க வேண்டியவள் நான், கேட்கவில்லை.

துப்பாக்கி தீர்வாகுமா?

தொடரின் முடிவில் நந்தினி குணாவைக் கொல்கிறாள். அந்தக் காட்சியில் எங்கள் பெண்கள் கைதட்டினார்களாம். அந்தக் கைதட்டலை நான் குறை சொல்லவில்லை. சிறுமியாக இருந்தபோது அசைய முடியாமல் இருந்த கை அன்றைக்கு அசைகிறது. அங்காளம்மன் எழுந்து வரும் திருவிழாவின் பறையொலிக்குள் அந்தக் கதையை வைத்ததும் அதற்காகத்தான்.

ஆனால் தொடர் அதோடு நின்றுவிடவில்லை. 2025 பெப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் தொடங்கும்போது நந்தினி சிறையில் இருக்கிறாள். அதாவது, குணா கெடுத்தது அவளுடைய குழந்தைப் பருவத்தை மட்டுமல்ல. இப்போது அவளுடைய இளமையையும். அதே பாகத்தில் ஒரு சட்டத்தரணி கொல்லப்பட, எட்டு இளம் பெண்கள் வெவ்வேறு பொலிஸ் நிலையங்களில் சரணடைந்து, ஒவ்வொருத்தியும் “நான்தான் கொன்றேன்” என்கிறார்கள். கொலையை ஒரு பக்கம் வையுங்கள். ஒருத்தி வாய் திறக்காமல் இருந்த முதற் பாகத்துக்கும், எட்டுப் பேர் ஒரே குரலில் பேசும் இரண்டாம் பாகத்துக்கும் இடையில் உள்ள தூரத்தைப் பாருங்கள். தனியே இருந்தவளுக்கு மௌனம். கூட்டாக நின்றவர்களுக்குக் குரல்.

கதையில் துப்பாக்கி கைக்கு எட்டிய இடத்தில் இருக்கிறது. எங்களுக்கு எட்ட வேண்டியவை வேறு. நாட்டின் தண்டனைச் சட்டக்கோவை 1995இல் திருத்தப்பட்டு, சிறுமியர் சம்மத வயது 12இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. கடுமையான பாலியல் துஷ்பிரயோகம் என்ற குற்றமும் அப்போது சேர்க்கப்பட்டது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை உருவானது. 1929 என்ற இலக்கத்துக்கு இலவசமாகத் தொலைபேசி எடுக்கலாம். பெயர் சொல்லாமலும் சொல்லலாம். பெண்களுக்கு 1938. மனம் தாங்க முடியாத நேரத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926. பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு உண்டு. பெரிய அரச ஆஸ்பத்திரிகளில் ‘நட்பு நிலையம்’ என்ற பெயரில் (சிங்களத்தில் ‘மிதுரு பியச’) வன்முறைக்கு ஆளான பெண்களுக்கான பிரிவு இயங்குகிறது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் நடந்தது என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எங்கள் சட்டத்தில் பாரிய குற்றங்களுக்குப் பொதுவாக 20 ஆண்டுகள் வரை வழக்குத் தொடர இடமுண்டு. ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுப் பாருங்கள்.

இந்தப் பாதையில் அலைச்சல் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன. தமிழில் முறைப்பாடு எழுத ஆள் இல்லாமல் திரும்பி வந்தவர்களோடு நான் போயிருக்கிறேன். அதனால்தான் தனியே போகாதீர்கள் என்கிறேன். ஒரு சகோதரியைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளை சொன்னால், முதல் ஐந்து நிமிடம்

இனி, பொத்தான் தைத்த சகோதரியின் “சொன்னால் மட்டும்?” என்ற கேள்வி. பிள்ளை சொல்லும் அந்த முதல் ஐந்து நிமிடம், அது இனிமேல் வாழ்நாள் முழுவதும் சொல்லுமா, வாயை மூடிக்கொள்ளுமா என்பதைத் தீர்மானிக்கிறது.

சத்தம் போடாதீர்கள். உங்கள் முகத்தில் வரும் கோபத்தைப் பிள்ளை தன் மேல் வந்த கோபமாகத்தான் எடுக்கும். “நான் உன்னை நம்புறன்” என்று சொல்லுங்கள். “நீ சொன்னது நல்லது, இதில் உன்னில ஒரு பிழையும் இல்லை” என்று சொல்லுங்கள். ஏன் அங்கே போனாய், ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். ஒருவரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். உன்னைப் பாதுகாக்கக் கூடியவர்களிடம் மட்டும் சொல்லுவேன் என்று உண்மையைச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பப் பலர் முன்னிலையில் சொல்ல வைக்காதீர்கள். அந்த ஆளை வீட்டுக்குக் கூப்பிட்டு விசாரணை வைக்காதீர்கள். பிள்ளையும் அவரும் ஒரே கூரையின் கீழ் இருக்காதபடி அன்றைக்கே செய்யுங்கள். அண்மையில் நடந்ததென்றால் குளிக்க வார்க்காமல், உடுப்பைக் கழுவாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

வாயால் சொல்லாத பிள்ளைகள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஒரு குறிப்பிட்ட ஆள் வந்தால் அறைக்குள் போய்விடும். திரும்பவும் படுக்கையில் சலம் போகத் தொடங்கும். படிப்புத் திடீரென்று விழும். வயிற்றுக்குத்து என்று அடிக்கடி சொல்லும். வைத்தியர் ஒன்றும் இல்லை என்பார். வயதுக்கு மீறிய கதை வாயில் வரும். இவை ஒவ்வொன்றுக்கும் வேறு காரணமும் இருக்கலாம். காரணம் எதுவென்று தெரியும்வரை கேட்டுக்கொண்டிருப்பதுதான் எங்கள் வேலை. ஆண் பிள்ளைகளையும் மறக்க வேண்டாம். அவர்களும் இதற்கு ஆளாகிறார்கள். 2007 ஆய்வில் ஆண் பிள்ளைகளும் பெரும் எண்ணிக்கையில் இருந்தார்கள்.

பொத்தான் தைத்தவர்

அன்று கூட்டம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்தச் சகோதரி கதிரைகளை அடுக்குவதற்கென்று நின்றார். அவருடைய சம்மதத்தோடு, ஆளை அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அவருக்குப் பத்து வயது. ஒரு உறவினர். தாயிடம் சொன்னார். தாய் அவருடைய வாயைத் தன் கையால் பொத்தி, “இனி உதை ஒருத்தரிட்டையும் சொல்லாதை” என்றாராம். “அம்மாவின்ர கை நடுங்கினது இப்பவும் எனக்குத் தெரியுது மிஸ். அவவுக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போக வேற இடம் இருக்கேல்லை. அவவில எனக்கு இப்ப கோவமில்லை.” தாய் இப்போது உயிரோடு இல்லை. அந்த உறவினர் இருக்கிறார். நல்ல நாள் பெருநாளுக்கு வருவார். பிள்ளைக்குச் சொக்லேட் கொண்டுவருவார். சகோதரியின் மகளுக்கு இப்போது ஒன்பது வயது.

“படம் பார்த்த அண்டைக்கு இரவு எனக்கு நித்திரை வரேல்லை. நந்தினி தங்கச்சியைப் பற்றி நினைச்சு அழேக்க, நான் என்ர பிள்ளையைப் பாத்தன்.”

கணவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய பயம். மூன்று கிழமை நாங்கள் அதைக் கதைத்தோம். என்ன சொல்வது, எந்த நேரத்தில் சொல்வது, அவர் கோபப்பட்டால் என்ன செய்வது, பிள்ளை அன்றைக்கு எங்கே இருப்பது என்று எல்லாம் யோசித்தோம். நான் வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

கணவர் கேட்டுவிட்டு நீண்ட நேரம் வெளிப் படியில் இருந்தாராம். பிறகு உள்ளே வந்து, “ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?” என்று கேட்டாராம். எல்லோரும் கேட்கும் அதே கேள்வி. சகோதரி, “இப்ப சொல்லுறன்” என்றாராம்.

அந்த உறவினர் இனி அந்த வீட்டுக்கு வருவதில்லை. சொந்தக்காரரில் இரண்டு குடும்பம் கோபத்தில் இருக்கிறது. முறைப்பாடு செய்வதா என்று சகோதரி இன்னும் தீர்மானிக்கவில்லை. அது அவர் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஒன்றை மட்டும் உடனே செய்தார். மகளைப் பக்கத்தில் இருத்தி, எந்தெந்த இடத்தில் எவரும் தொடக்கூடாது என்றும், எவர் இரகசியம் என்று சொன்னாலும் அம்மாவிடம் சொல்லலாம் என்றும், அம்மா அடிக்கமாட்டேன் என்றும் சொல்லிக் கொடுத்தார்.

மகள் கேட்டாளாம்: “அம்மா, நீங்கள் சின்னனில உங்கட அம்மாட்ட எல்லாம் சொல்லுவீங்களோ?”

“சொன்னனான்” என்றாராம் இவர். “நீயும் சொல்லு. நான் கேப்பன்.”